தாக்ஸ்டர் வீட்டுச் சம்பந்தம்

பாஸ்டன்
1836 டிசம்பர் 2

அன்புள்ள கணவருக்கு,

நீங்கள் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்த கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. லண்டன் வங்கிக்கு ஏஜெண்டான பிறகு இது ஒன்பதாவது குளிர்காலம். ஒன்பதிலும் விறகு வாங்கியது நான், ஆள் வைத்துக் கூரைப் பனியைத் தள்ளியது நான், அறுவடை நன்றி நாளன்று வான்கோழியை வெட்டிப் பரிமாறியதும் நான்தான். குறையாகச் சொல்லவில்லை. சொந்தக் கப்பல் வைத்து வியாபாரம் செய்த காலத்தில் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள், தூங்கவில்லை. இப்போது தூங்குகிறீர்கள், வீட்டில் இல்லை. எது தேவலை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு சர்ச் முடிந்ததும் கேலப் தாக்ஸ்டர் வந்தார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர், பதினெட்டு வருஷமாகச் சமையலறை வழியாகவே வந்து போகிறவர், அன்றைக்கு முன்கதவைத் தட்டினார். கையில் தொப்பி. யாரோ இறந்துவிட்டார்கள் என்று பயந்துவிட்டேன். உட்காரச் சொன்னால் உட்காரவும் இல்லை.

"கெசையா, எட்மண்டுக்கு உங்க ஃபீபியைக் கேக்க வந்திருக்கேன். அவங்க ரெண்டு பேரும் எப்பவோ பேசி முடிச்சுட்டாங்க. நம்மகிட்ட கேக்கறது சும்மா ஒரு மரியாதைக்கு. அதனால நானும் மரியாதையா முன்வாசல் வழியா வந்தேன்" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மனைவி இறந்துபோன நாலு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஃபீபி மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்து இரண்டு வயதாகிறது, இன்னும் படியில் நின்று ஒட்டுக் கேட்கிறாள்.

உங்களுக்கு நான் கேலபைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் இரண்டு பையன்களையும் ஒரே வாரத்தில் தொண்டைக் காய்ச்சலுக்குக் கொடுத்தபோது மண் இரும்பாக உறைந்து கிடந்தது. குழி வெட்டுகிறவர்களோடு நின்று கடப்பாரை பிடித்தவர் அவர். எட்மண்டும் அப்பா மாதிரிதான், கொஞ்சம் பேச்சு அதிகம். அப்பாவோடு பஞ்சு வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறான்.

மே மாதம் நீங்கள் திரும்பியதும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கேலப். அடுத்த தபாலிலேயே உங்கள் சம்மதத்தை எழுதுங்கள். நான்கு வரி போதும். இருக்கிற ஒரு பிள்ளைக்கு நல்ல இடத்தில் அமைகிறது.

உங்கள்
கெசையா


நியூ ஆர்லியன்ஸ்
டிசம்பர் 23

அன்புள்ள கெசையா,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. இங்கே மழை விடவில்லை. ஓட்டல் அறைச் சுவரில் பாசி படர்ந்திருக்கிறது, காலையில் எடுத்துப் போடும் சட்டை ஈரமாகவே இருக்கிறது. காப்பி நன்றாக இருக்கிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

கல்யாணத்தை இப்போது பேசி முடிக்க வேண்டாம். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன். ஜூன் வரை, முடிந்தால் அதற்கு மேலும் தள்ளிப்போடு. நான் ஊரில் இல்லை, பெண்ணின் அப்பா இல்லாமல் பேச முடியாது என்று சொல். எட்மண்டைப் பற்றி ஒரு குறையும் எனக்குத் தெரியாது. கேலபைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வாக்கியத்தை இருமுறை படி, இதற்கு மேல் எதையும் அதிலிருந்து எடுக்காதே.

காரணம் கேட்காதே. இருபத்தைந்து வருஷத்தில் உன்னிடம் இப்படி நான் கேட்டதில்லை. ஃபீபிக்கு என் அன்பைச் சொல். அவளுக்காக இங்கே ஒரு சால்வை வாங்கியிருக்கிறேன்.

ஏனோக்


பாஸ்டன்
1837 ஜனவரி 14

பார்லோ அவர்களுக்கு,

கடிதம் வந்தது. சால்வை வாங்கியிருக்கிறீர்கள் என்று ஃபீபியிடம் சொன்னேன். மற்றதையும் சொன்னேன், வேறு வழி? அவள் அழவில்லை. தட்டிலிருந்த மீனை முழுவதும் சாப்பிட்டு முடித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பாவுக்கு எட்மண்டைப் பிடிக்கலையா, கேலப் மாமாவைப் பிடிக்கலையா, இல்ல என்னைப் பிடிக்கலையா? மூணுல எதுன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துக்குவேன்."

இதற்குப் பதிலை நீங்களே எழுதுங்கள்.

கேலப் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் வாசலில் என்னை எதிர்பார்த்து நிற்கிறார். உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை, தெற்கே ஆறு பெருகித் தபால் தாமதமாகிறதாம் என்று சொன்னேன். பிரசங்கம் கேட்டுவிட்டு வெளியே வந்து பத்து அடி நடப்பதற்குள் பொய். அவர் நம்பினார். "பாவம், ஏனோக் அங்க தனியா என்ன கஷ்டப்படறானோ" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பையனைப் பற்றிக் குறை இல்லை என்கிறீர்கள். கேலபைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். பிறகு யாருக்காகத் தள்ளிப்போடுவது? காரணம் என்னோடு இருக்கும், வாசல் தாண்டாது. உங்கள் சொந்த வியாபாரம் முங்கியபோது கடன்காரர்கள் கதவைத் தட்டுவதற்கு ஆறு வாரம் முன்பே எனக்குத் தெரியும். வேலைக்காரிக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்தேன். அதை நீங்கள் மறந்திருக்கலாம்.

காரணத்தைச் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால் என் புத்திக்கு விட்டுவிடுங்கள். இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ள முடியாது.

கெசையா பார்லோ


நியூ ஆர்லியன்ஸ்
பிப்ரவரி 4

அன்புள்ள கெசையா,

உன் கோபம் நியாயம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மறந்துவிடுவேன்.

என் வேலை என்ன என்று நீ ஒருநாளும் விவரமாகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. லண்டனில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கரையில் யாரையும் தெரியாது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதற்கு அவர்கள் என் கண்ணை நம்பியிருக்கிறார்கள். நான் பார்க்கிறேன், எழுதுகிறேன். கண்ணுக்கு வாய் கிடையாது என்பதுதான் ஒப்பந்தம்.

இது வெறும் எஜமான விசுவாசம் என்று நினைக்காதே. ஒருவர் நிலைமை ஆட்டம் காண்கிறது என்று நான் ஒரு சிநேகிதனிடம் சொன்னேன் என்று வை. அவன் தன் கையில் இருக்கிற அவருடைய கடன் சீட்டுகளை அவசரமாக இன்னொருவன் தலையில் கட்டிவிட்டுத் தப்பிப்பான். அந்த இன்னொருவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, அவனுக்கு ஏஜெண்டு சிநேகிதன் இல்லை, அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டுதான் படுக்கிறேன். நான் தூங்குகிறேன் என்று எழுதியிருந்தாய். முன்பு தூங்கினேன்.

ஃபீபியின் கேள்விக்குப் பதில்: மூன்றும் இல்லை. அவளிடம் அப்படியே சொல்.

ஜூன் வரை காத்திருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

ஏனோக்


பாஸ்டன்
பிப்ரவரி 24

பார்லோ அவர்களுக்கு,

நான்காம் தேதி எழுதிய கடிதம் நேற்று முன்தினம் வந்தது. படித்தேன், அடுப்பில் போட்டேன்.

ஃபீபிக்கும் எட்மண்டுக்கும் பதினைந்தாம் தேதி புதன்கிழமை கல்யாணம் நடந்துவிட்டது. நம் முன்னறையில்தான். பதினோரு பேர். வெளியே முழங்கால் அளவு பனி. போதகருக்கு ஜலதோஷம், ஆசீர்வாதத்துக்கு நடுவே இரண்டு முறை நிறுத்தி மூக்கைச் சிந்தினார். ஃபீபி என் பழுப்புப் பட்டுக் கவுனை உடுத்திக்கொண்டாள், இடுப்பில் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஆட்டுக்கறி, சோள மாவுக் களி, ஆப்பிள் பணியாரம். கேலப் இரண்டாம் முறையும் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவரிடம் உங்கள் சம்மதக் கடிதம் வந்துவிட்டது என்று சொன்னேன். மே வரை காத்திருக்க வேண்டாம், தெற்கே வேலை இழுத்துக்கொண்டே போகிறது, சீக்கிரம் முடித்துவிடச் சொல்கிறார் என்றும் சொன்னேன். "கடிதத்தைக் காட்டு, சம்பந்தி என்ன எழுதியிருக்கான்னு பாக்கறேன்" என்றார். எங்கேயோ வைத்துவிட்டேன் என்றேன். எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. இத்தனை பொய்யை ஒரே மாதத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஏன் அவசரப்பட்டேன் என்று கேட்பீர்கள். நீங்களும் காரணம் சொல்லவில்லை.

சால்வை வந்தால் இரண்டு வீடு தள்ளி அனுப்புகிறேன்.

கெசையா


நியூ ஆர்லியன்ஸ்
மார்ச் 22

கெசையா,

உன் கடிதம் வந்த அன்று பதில் எழுதியிருந்தால் அது உன்னால் படிக்க முடியாத கடிதமாக இருந்திருக்கும். நல்ல வேளை எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து, போன சனிக்கிழமை, ஆற்றங்கரையில் இருக்கிற பெரிய பஞ்சு மண்டி ஒன்று கதவைச் சாத்திவிட்டது. காலை பத்து மணிக்கு வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். எனக்கு மட்டும்தான் அதில் ஆச்சரியம் இல்லை.

இனி ஊருக்கே தெரியும், அதனால் உனக்கும் சொல்லலாம். அந்த மண்டி வாங்கிய கடனில் பாதிக்குக் கேலப் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மண்டிக்காரர் நாணயமானவர் என்று நம்பிப் போட்டார். நானும் நம்பினேன், ஒரு காலத்தில்.

நவம்பரில் மண்டிக்காரர் தன் சொத்தைக் காட்ட என்னை ஆற்றோரம் இருக்கிற பண்ணைக்கு அழைத்துப் போனார். நிலம், பஞ்சு, பிறகு அடிமைகள். நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள்மேல்தான் எங்கள் வங்கி கடன் கொடுத்திருந்தது. முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். நான் பட்டியலைப் பார்த்துப் பெயரைப் படித்தேன், ஒவ்வொருவராக ஒரு அடி முன்னால் வந்தார்கள். கண்டேஸ் என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள். அவள் முன்னால் வந்து நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டாள்:

"ஐயா, எதுக்கு மறுபடியும் எண்ணுறீங்க? அக்டோபர்லதானே வேற ஒரு ஐயா வந்து எங்க எல்லாரையும் எண்ணி எழுதிக்கிட்டுப் போனாரு."

மேஸ்திரி அவளை அதட்டினான். மண்டிக்காரர் வேறு எங்கோ பார்த்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரே ஆட்களை இரண்டு வங்கிகளிடம் அடமானம் வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பி விசாரித்தேன், உண்மைதான். நவம்பர் இருபத்தொன்றாம் தேதி லண்டனுக்கு எழுதினேன். மண்டியை மூடச் சொன்னேன், மண்டிக்கு ஜாமீன் நின்றவர்களிடமிருந்து கடனைத் திரும்பக் கேட்கச் சொன்னேன். ஜாமீன்காரர் பட்டியலில் முதல் பெயர் கேலபுடையது. என் கையால் எழுதினேன்.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் நீ சம்பந்தம் கேட்டு எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்தபோது என் கடிதம் நடுக்கடலில் இருந்தது. திரும்பக் கூப்பிட வழி இல்லை. கூப்பிட்டிருப்பேனா என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

லண்டனிலிருந்து கேலபுக்குப் போகும் கடிதம் இந்நேரம் பாஸ்டனை நெருங்கியிருக்கும். என் பெண்ணை அந்த வீட்டுக்குள் அனுப்பிவிட்டாய். உனக்குத் தெரியாது, உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாயில்லாத கண் என்று நானே எழுதினேன்.

ஏனோக்


பாஸ்டன்
ஏப்ரல் 14

ஏனோக்,

லண்டன் கடிதம் மூன்றாம் தேதி காலையில் வந்தது. கேலப் அதை எடுத்துக்கொண்டு சமையலறை வழியாக வந்தார். நான் பீன்ஸ் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை மேஜையில் வைத்தார். படிக்கத் தேவையில்லை, விஷயம் தெரியும் என்ற மாதிரி நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன்.

உங்களுக்கும் இதை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. டிசம்பர் கடிதத்தை நீங்கள் இருமுறை படிக்கச் சொன்னீர்கள். ஒருமுறையே போதுமாக இருந்தது. பையனிடம் குறை இருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். நோய் என்றால் எழுதியிருப்பீர்கள். உங்களால் எழுத முடியாதது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், வங்கி விஷயம். ஜனவரியில், அந்தக் கடிதத்தை மடிப்பதற்குள், கேலப் விழப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போது, எவ்வளவு என்றுதான் தெரியாது. உங்கள் வாயால் வரட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். வரவில்லை.

ஏன் அவசரமாகக் கல்யாணத்தை நடத்தினேன் என்றால், எட்மண்டை எனக்குத் தெரியும். வீடு விழுந்த மறுநாள் அவன் ஃபீபியிடம் வந்து, என்னிடம் ஒன்றும் இல்லை, நீ என்னை மறந்துவிடு என்று சொல்லியிருப்பான். மானஸ்தன். ஃபீபியையும் எனக்குத் தெரியும். அவள் மறக்கவும் மாட்டாள், வேறு ஒருவனைப் பார்க்கவும் மாட்டாள். முப்பது வருஷம் அதே மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பாள். பணம் இல்லாமல் வாழ்ந்து பார்த்திருக்கிறேன், அது முடியும். அதனால் விழுவதற்கு முன்னால் கட்டிவைத்தேன்.

ஆனால் கேலபிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார், சொல்லவில்லை. சொன்னால் உங்கள் வேலை போகும், இந்த வீடு போகும் என்று நினைத்தேன். உங்கள் நியாயம் பெரிய நியாயம், என்னுடையது சின்னது. செய்தது ஒன்றுதான்.

இதை எல்லாம் அவரிடமும் சொன்னேன். அன்று காலையிலேயே, நின்றுகொண்டே சொன்னேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"ஏனோக் எழுதினது சரிதான். அவன் எடத்துல நான் இருந்தாலும் எழுதியிருப்பேன். எழுதிட்டு, கல்யாணத்துக்கு மட்டும் வராம இருந்துட்டான் பாரு, அதுவும் சரிதான். ஆனா நீ எனக்கு ரெண்டாம் தடவை களி போட்டியே கெசையா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

அப்படிச் சொல்லிவிட்டுப் போனார்.

எட்மண்டும் ஃபீபியும் அடுத்த வாரம் ஒஹாயோவுக்குப் புறப்படுகிறார்கள். அங்கே ஒரு மாவு மில்லில் எட்மண்டுக்குக் கணக்கெழுதுகிற வேலை, முகவரி தனித்தாளில் இருக்கிறது. ஃபீபிக்கு என்மேல் கோபம் இருக்கிறதா என்று தெரியவில்லை, தட்டு முட்டுகளை என்னோடு சேர்ந்துதான் கட்டினாள். உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அறையைவிட்டுப் போய்விடுகிறாள். நீங்கள் அனுப்பிய சால்வை வந்தது, அதை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கண்டேஸ் என்ன ஆனாள்? ஒரு பக்கம் முழுவதும் அவளைப் பற்றி எழுதிவிட்டு, மண்டி விழுந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

கெசையா


நியூ ஆர்லியன்ஸ்
மே 9

அன்புள்ள கெசையா,

உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷம் கூடவே இருந்தவளுக்கு நான் எழுதிய ஆறு வரி புரியாது என்று நினைத்தேனே. உன்மேல் கோபப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. களைப்பாக இருக்கிறது.

கண்டேஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். போன மாதம் இருபத்தேழாம் தேதி, ஓட்டல் கூடத்தில், மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏலம். இரண்டு வங்கிகளும் பட்டியலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வங்கிப் பாதிக்கு நான் அங்கே உட்கார வேண்டியிருந்தது. கண்டேஸ் எங்கள் பாதியில் வந்தாள், அவள் மகன்கள் மற்ற பாதியில். மூவரையும் சேர்த்து விற்கலாம் என்று அந்த வங்கியின் ஆளிடம் கேட்டேன். தனித்தனியாக விற்றால் விலை கூடும் என்றார். நான் இன்னொரு முறை கேட்கவில்லை. அவளை டெக்ஸஸ் பக்கத்து ஆள் ஒருவன் வாங்கினான், பையன்களை வேறொருவன் வாங்கி ஆற்றின் மேல்பகுதிக்குக் கொண்டுபோனான். போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். நினைவு வைத்திருந்தாள். அவள் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, மண்டி இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும். அவள் உண்மையைச் சொன்னாள். அதற்குக் கிடைத்தது இது.

இன்னொரு முறை கேட்டிருக்கலாம். என் கையிலிருந்த பணத்தில் இரண்டு பேரையாவது வாங்கி விடுதலை செய்திருக்கலாம். இதெல்லாம் மறுநாள் தோன்றியது.

அன்று மாலையே லண்டனுக்கு எழுதினேன், என்னை விடுவித்துவிடுங்கள் என்று. பதில் வருவதற்கு முன் அவர்களின் பழைய உத்தரவு ஒன்று வந்து சேர்ந்தது. கேலபின் வீட்டையும் துறையில் இருக்கிற கிடங்கையும் ஜூன் பதினைந்தாம் தேதி ஏலம் விட வேண்டும், பாஸ்டன் ஏஜெண்டு முன்னின்று நடத்த வேண்டும். பாஸ்டன் ஏஜெண்டு நான்தான். நான் செய்யாவிட்டால் அனுப்புவதற்கு அவர்களிடம் வேறு ஒருவர் இருக்கிறார், சட்டி பானையையும் விடாதவர். அதனால் நானே செய்துவிட்டு விலகுகிறேன். இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற காரணங்களில் ஒன்றோ என்னவோ.

ஃபீபிக்கு ஒஹாயோ முகவரிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி கப்பல் ஏறுகிறேன். ஜூன் முதல் வாரம் நியூயார்க். அங்கே வழக்கமாகத் தங்குகிற விடுதிக்கு எனக்கு ஒரு வரி எழுது. பாஸ்டன் வந்ததும் நான் எங்கே தங்குவது? கேலப் இரண்டு வீடு தள்ளி இருக்க, அவர் வீட்டை ஏலம் விட வந்தவன் நம் வீட்டு வாசலில் பெட்டியை இறக்குவது சரியாக இருக்காது. துறைக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொள்கிறேன் என்றால் உனக்குச் சம்மதமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஏனோக்


பாஸ்டன்
மே 30

நியூயார்க் விடுதி விலாசத்துக்கு

அன்புள்ள கணவருக்கு,

கேலப் இரண்டு வீடு தள்ளி இல்லை. மூன்று வாரமாக நம் மாடியில் ஃபீபியின் அறையில் இருக்கிறார்.

நான்தான் கூப்பிட்டேன். முதலில் மறுத்தார். ஏலம் முடிகிறவரை அங்கேயே இருக்கலாம் என்று சட்டம் இருக்கிறதாம், ஆனால் வேலைக்காரி போய்விட்டாள், அடுப்புப் பற்றவைக்கத் தெரியாமல் பத்து நாள் ரொட்டியும் கருவாடும் தின்றிருக்கிறார். இருமல் கேட்டது. ஒரு சனிக்கிழமை நான் போய், அவர் போர்வையையும் சவரப் பெட்டியையும் நானே எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே வந்தார். வழியில், "உன் வீட்டுல சாப்பிட மாட்டேன்னு சொல்லியிருந்தேன்" என்றார். சொல்லவில்லை, மனதில் நினைத்திருப்பீர்கள் என்றேன். அன்று இரவு சாப்பிட்டார். களி மட்டும் நான் செய்வதில்லை.

உங்கள் கடிதத்தில் கண்டேஸைப் பற்றி இருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். படிக்கலாமா கூடாதா என்று ஒரு நாள் யோசித்தேன். கேட்டுவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "என் ஜாமீன் கையெழுத்து அவங்க மேலயும்தானே இருந்திருக்கு. நான் அவங்கள்ல ஒருத்தரைக்கூடப் பாத்ததில்ல" என்றார். இந்த வீட்டு ரொட்டியும் அதில் வந்ததுதான் என்று நான் சொன்னேன். அவர் போய் அடுப்புக்கு விறகு எடுத்து வந்தார். நீங்கள் வேலையை விடுவது நல்லதுதான். ஆனால் விட்டதால் அந்தப் பிள்ளைகள் தாயோடு சேரப் போவதில்லை, அதையும் தெரிந்துகொண்டு விடுங்கள். பையன்களை வாங்கியவன் பெயரும் ஊரும் அந்த வங்கியின் ஏலப் பத்திரத்தில் இருக்கும். நியூயார்க்கில் இருக்கும்போதே எழுதிக் கேளுங்கள். ஏதாவது செய்ய முடியுமா என்று பிறகு பார்ப்போம். என் அம்மா கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள் என் பெயரில்தான் இருக்கின்றன.

ஃபீபியிடமிருந்து ஒரு கடிதம் எனக்கு வந்தது. வாடகை அறை சின்னதாம், ஆற்றுச் சத்தம் கேட்கிறதாம், எட்மண்ட் மில்லில் எல்லோரோடும் பேசிக்கொண்டே இருக்கிறானாம். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தது என்று கடைசியில் ஒரு வரி. படித்தேன் என்று எழுதவில்லை, படிக்கவில்லை என்றும் எழுதவில்லை. சால்வையை அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறாள், அங்கே குளிராம். அதை வைத்து ரொம்பச் சந்தோஷப்படாதீர்கள்.

நீங்கள் எங்கே தங்குவது என்று கேட்டிருந்தீர்கள். துறைப் பக்கம் அறையெல்லாம் வேண்டாம். ஊர் பேசுவதற்குப் பயந்து இல்லை. ஒன்பது குளிர்காலம் நீங்கள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து எழுதிவிட்டீர்கள். இதைக் கிட்டத்திலிருந்து செய்ய வேண்டும். காலையில் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு, எழுந்து போய் அவர் வீட்டை ஏலம் விட வேண்டும். மத்தியானம் அதே மேஜைக்குத் திரும்பி வர வேண்டும். முடியாது என்று தோன்றினால் நியூயார்க்கிலேயே இருந்துவிடுங்கள், நான் புரிந்துகொள்வேன், மன்னிக்க மாட்டேன்.

நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் வருகிறீர்கள் என்று. கத்தியை வைத்து ஒரு மரத்துண்டைச் சீவிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. ஏலத்தன்று தானும் கூட வருவதாகச் சொன்னார். மேற்குப் பக்கக் கூரை எங்கே ஒழுகுகிறது, எந்தப் புகைக்கூண்டு அடைத்திருக்கிறது என்பது தனக்குத்தான் தெரியும், வாங்க வருகிறவனிடம் மறைக்கக் கூடாது என்கிறார். விலை குறையுமே என்றேன். "குறையட்டும். லண்டன்காரனுக்குத்தானே" என்றார்.

சிறிது நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஏனோக் வரட்டும். ஆனா வந்த அன்னிக்கு என்கிட்ட எதுவும் பேச வேணாம்னு எழுதிடு. மன்னிப்பும் கேக்க வேணாம், காரணமும் சொல்ல வேணாம். சும்மா உக்காந்து சாப்பிடட்டும். அடுத்த நாள் பாத்துக்கலாம்."

எழுதிவிட்டேன். முதல் நாள் என்னிடமும் அப்படியே இருங்கள். எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் அது உங்கள் முகத்தைப் பார்த்து இரண்டு நாள் ஆன பிறகு.

வாருங்கள்.

கெசையா